பெரம்பலூருக்கு லாரியில் வந்த கடல்

கடல் இல்லாத ஊரில் கடலைக் காட்டிச் சம்பளம் வாங்குவது என் தொழில். பொருட்காட்சியில் நாள் முழுக்க நின்று கால் வீங்கியவர்களே, உங்களுக்குத்தான் இது. கண்ணாடிக் குகையைச் சுற்றிலும் கடல்மீன்கள் நீந்தும். வாசலில் டிக்கெட் கிழித்து, உள்ளே விளக்கம் சொல்பவள் நான். போன ஊரில் மழை எங்கள் பிழைப்பைக் கெடுத்துவிட்டது. "பெரம்பலூரும் கைவிட்டா கடையைக் கட்ட வேண்டியதுதான்" என்று சொல்லித்தான் முதலாளி லாரி ஏற்றினார்.

கோமாளி மீன்

ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன். பெண் முட்டையிட்டதோடு சரி, ஆண்தான் பாறையை விட்டு நகராமல் துடுப்பால் விசிறி விசிறி முட்டைகளைக் காக்கும் என்றேன். பூலாம்பாடியிலிருந்து வந்த அக்கா இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளையோடு நின்றார். அவர் வீட்டுக்காரர் கையில் பாப்கார்ன் மட்டும். அக்கா அவரையும் மீனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்:

"இது எந்தக் கடல்ங்க? இங்கேருந்து பஸ் இருக்கா?"

கடல் முள்ளெலி

முள் சிலிர்த்த உருண்டை, பாறையில் மெல்ல ஊர்ந்தது. முள் உதிர்ந்த அதன் ஓடு ஒன்றையும் பக்கத்தில் வைத்திருந்தோம். அரியலூர்க்காரர், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர், அங்கேயே நின்றுவிட்டார். வரிசை நிற்கிறது அண்ணே என்றேன். அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"எங்க குவாரியில இது கல்லாக் கெடக்கும்மா. உசுரோட இருந்தப்ப இப்புடித்தான் நடந்துச்சா?"

ராட்டினம் நின்றது

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நல்ல கூட்டத்தில் கரண்ட் போனது. எங்கள் ஜெனரேட்டரும் இருமிவிட்டுப் படுத்தது. தண்ணீருக்குள் காற்று விடும் மோட்டார் ஓடாவிட்டால் மீன்கள் தாங்காது. கொஞ்ச நேரத்தில் அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பக்கத்து ராட்டினக்காரர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். உடனே திரும்பிப் போய், சுற்றிக்கொண்டிருந்த ராட்டினத்தை நிறுத்தி, எல்லோரையும் இறக்கிவிட்டு, தன் ஜெனரேட்டரிலிருந்து எங்களுக்கு வயர் இழுத்தார். தொட்டியில் மறுபடி குமிழி கிளம்பியபோது அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பாதியில் இறங்கியவர்கள் சண்டைக்கு வருவார்களே என்று மன்னிப்புக் கேட்கப் போனேன். லப்பைக்குடிக்காட்டிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த பாய் என்னைப் பேசவே விடவில்லை:

"நாங்க சுத்துனது போதும்மா. மொதல்ல அதுங்க மூச்சு விடட்டும்."

ஒரு மீனும் சாகவில்லை, நாங்களும் கடையைக் கட்டவில்லை; கடலைக் காட்ட வந்த ஊரில் டிக்கெட் எடுக்காமல் மனிதர்களை அதிகம் பார்த்தவள் நான்தான்.