ஜெர்மனியிலிருந்து வந்த ஹான்ஸ்

எனக்கு ஒரு ஜெர்மன்காரரைத் தெரியும் என்று ஏழாம் வகுப்பில் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தாலும் காது மடல் சுடுகிறது.

எல்லாம் மாமா ஆரம்பித்து வைத்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. பாலிடெக்னிக் முடித்துவிட்டு விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவர், எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் காண்டிராக்ட் வேலை. நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, டிபன் பையோடு காலையில் கிளம்பினால் சாயங்காலம் கம்பெனி பஸ் வரும் நேரத்துக்குத் திரும்புவார். நான் படிப்பதற்கென்று அப்பா வாங்கிப்போட்ட கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விளையாட்டை ஏற்றிக் கொடுத்த புண்ணியவான் அவர்தான்.

அந்த விளையாட்டை இணையத்தில் நாலு பேரோடு சேர்ந்து ஆட வேண்டுமானால் யாராவது ஒருவர் தன் கம்ப்யூட்டரை சர்வராகத் திறந்துவைக்க வேண்டும். திறந்திருக்கும் சர்வர்கள் எல்லாம் ஒரு பட்டியலாக வரும். நல்ல சர்வரில் இடம் கிடைக்காது. கிடைத்தாலும், எங்கள் வீட்டு லைன் இழுத்த இழுப்பில் என் கார் தவளை மாதிரி தத்தித் தத்திப் போகும். கடுப்பாகி என்னை வெளியே தள்ளிவிடுவார்கள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து மாமாதான் சொன்னார்.

"அடுத்தவன் வாசல்ல போயி ஏன் நிக்கணும் மருமகளே? நாமளே ஒரு சர்வர் போடுவோம். வர்றவன் வரட்டும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மோடத்தோடு மல்லுக்கட்டி, வெளியிலிருந்து ஆட்கள் உள்ளே வர வழி செய்து கொடுத்தார். பெங்களூர் என்று பெயர் வைத்தால்தான் நாலு பேர் மதிப்பார்கள் என்று நான் அடம்பிடித்தேன். அவர் கேட்கவில்லை. 'ஓசூர் ரேசிங்' என்றே வைத்தார்.

ஒருவரும் வரவில்லை. கடையைத் திறந்துவைத்து ஈ ஓட்டுகிறவரைப் போல நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தேன். பட்டியலில் என் சர்வருக்கு எதிரே பூஜ்யம்தான். மாமா சாயங்காலம் வந்ததும் ஷூவைக் கழற்றுவதற்கு முன் அதைத்தான் விசாரிப்பார். யாருமில்லை என்றால் அவர் முகமும் தொங்கிப்போகும்.

அரையாண்டு விடுமுறையில் ஹான்ஸ் வந்தார். தான் ஜெர்மனி என்று ஆங்கிலத்தில் அடித்தார். என்னைப் பெரிய டிரைவர் என்றார். அவரோ வளைவுக்கு வளைவு சுவரில் போய் முட்டினார். காலையில் வருவார், மத்தியானம் சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவார், மறுபடியும் வருவார். ஜெர்மனியில் அப்போது மணி என்ன என்று யோசிக்கிற புத்தி எனக்கு இருந்திருந்தால் கதையே வேறு. நான் தெருவில் ஒரு வீடு விடாமல் சொன்னேன். மாடியில் இருந்த வீட்டுக்காரர் மகனிடம் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னேன். வாடகை வீட்டுப் பெண் என்று அவனுக்கு என் மேல் எப்போதும் ஒரு இளக்காரம்.

அவன் ஒருநாள் முற்பகல் அந்த ஜெர்மன்காரரைப் பார்க்கவென்றே இறங்கி வந்தான். அந்நேரம் கூடத்தில் ஒரு விருந்தாளி இருந்தார். மாமாவுக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா. கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில் சூப்பர்வைசர். ஏதோ வேலையாக ஓசூர் வந்தவர், அப்படியே மாப்பிள்ளை வீட்டையும் எட்டிப்பார்க்க வந்திருந்தார். தம்பி டூட்டிக்குப் போயிருக்கிறான், சீக்கிரமே பெர்மனென்ட் பண்ணிவிடுவார்கள் என்று அம்மா பூரிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் மகன் திரையை ஒரு பார்வை பார்த்தான். ஹான்ஸ் பெயருக்குப் பக்கத்திலிருந்த எண்ணைத் தொட்டுக் காட்டினான். ஆள் எவ்வளவு தொலைவோ அந்த எண் அவ்வளவு ஏறும் என்றான்.

"ஜெர்மனின்னா முந்நூறாவது காட்டணும். இவனுக்கு முப்பது. பக்கத்துத் தெரு ஆளு உன்ன நல்லா ஓட்டறான்."

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு மானம் போயிற்று. அடுத்த தெருவில் இருந்தது ஒரே ஒரு பிரவுசிங் சென்டர். இருவரும் ஓடினோம். பிளைவுட் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. காலடியில் அம்மா கட்டிக்கொடுத்த டிபன் பை. திரையில் என் கார் கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தது. எங்கே போய்விட்டாய் என்று மாமா அதனிடம் ஆங்கிலத்தில் அடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் ஆர்டர் இல்லையென்று கம்பெனிகள் காண்டிராக்ட் ஆட்களைத்தான் முதலில் நிறுத்தின. மாமாவைத் தீபாவளி முடிந்ததுமே நிறுத்தியிருந்தார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், என்னைக் கேனச்சி ஆக்கிவிட்டார் என்பதுதான். அவரைக் கூப்பிடக்கூட இல்லை. வழியெல்லாம் அவன் சிரிக்க, அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடிவந்து வாசலிலேயே கத்தினேன்.

"அம்மா, மாமா கம்பெனிக்கே போகலம்மா! தெனமும் பிரவுசிங் சென்டர்ல உக்காந்து கேம் ஆடறாரு!"

கிருஷ்ணகிரிக்காரர் நல்ல மனிதர். மீதிக் காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

"இப்ப எல்லாக் கம்பெனியிலயும் இதே கததானுங்க," என்றார் அம்மாவிடம். "ஊட்ல கலந்துட்டுச் சொல்றனுங்க."

அவர்கள் கலந்து சொல்லவே இல்லை. சொல்ல மாட்டார்கள் என்பது அம்மாவுக்கு அப்போதே தெரிந்திருக்கும். அவள் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். நல்லவேளை, அடி விழவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

சாயங்காலம் கம்பெனி பஸ் வரும் நேரத்துக்கு மாமா சரியாக வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தபடி, இன்றைக்கு லைனில் ஆள் பற்றவில்லை, ஒரே அலைச்சல் என்று அடுப்படியைப் பார்த்துச் சொன்னார். இந்த நேரத்துக்காகவே நான் காத்திருந்தேன்.

"ஜெர்மனியில இருந்து வர இவ்ளோ நேரமா மாமா?"

கேட்டதோடு விட்டேனா, கைதட்டி வேறு சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் இன்றைக்கும் கூசிப்போகிறேன்.

மாமாவும் முதலில் சிரிக்கத்தான் பார்த்தார், விளையாட்டில் பிடிபட்டவர் போல. அதற்குள் அம்மா அடுப்படி வாசலுக்கு வந்திருந்தாள்.

"பொண்ணோட அப்பா வந்துட்டுப் போனாரு தம்பி," என்றாள்.

நாடாவைப் பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"திங்கக்கெழம ஒரு கம்பெனில வரச் சொல்லியிருக்காங்கக்கா. அநேகமா பெர்மனென்ட்டே கெடச்சுரும்."

இதுவும் பொய் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அம்மாவுக்கும் தெரிந்தது, அவள் கண் கலங்கியிருந்தது. பிடித்துக் கேட்கப்போகிறாள் என்று ஆசையாகப் பார்த்தேன்.

"அப்ப அந்தச் சட்டையத் தொவச்சுப் போடணும். கழட்டிக் குடு," என்றாள் அம்மா.

இவ்வளவு பெரிய பொய்யை அவள் ஏன் சும்மா விடுகிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை.