திரையில் அசையாத மீன்

அந்தக் கோடையில் பிளவக்கல் அணையில் ஆளுயரத் தண்ணீர்தான் கிடந்தது. ஈயக்குண்டு கட்டிய தூண்டிலை இழுத்தபடி படகை மெதுவாக ஓட்டினேன். குண்டு தரையில் சிக்கிவிடக் கூடாதென்று, மீன் காட்டும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் பெரிதாக ஒன்று தெரிந்தது. அசையவே இல்லை. விரால் என்று நினைத்து, மெஷினில் அந்த இடத்தை ‘பெரிய மீன்’ என்று குறித்துவிட்டு, அதன் மேலேயே சுற்றிச் சுற்றி வந்தேன். கடிக்கவில்லை. எரிச்சலோடு கரைக்குத் திரும்பினேன்.

ஒரு பெண் ஓடிவந்தாள்.

“அண்ணே, எங்க வீட்டுக்காரரு நேத்து பொழுதடைய குளிக்க வந்தாரு. துணி மட்டும் கரையில கெடக்கு. அந்தப் பெட்டியில என்னமும் தெரிஞ்சுச்சா?”

குறித்த இடத்துக்கே படகைத் திருப்பினேன்.

அவர் உடலை நான்தான் கரைசேர்த்தேன். அந்தக் குறி இன்னும் மெஷினில் ‘பெரிய மீன்’ என்றே இருக்கிறது. மாற்றி எழுதலாம்தான். ஆனால் அவர் பெயரை நான் கேட்கவே இல்லை.