ஒரு சொல்லும் வெட்டமாட்டம்

சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலம். கிளிநொச்சிப் பக்கம், வட்டக்கச்சியில் எங்கள் வாசிகசாலைச் சுவரில் ஒரு பலகை அடித்தோம். ஊரவர் எழுதித் தருவதை வாங்கி அதில் ஒட்டும் பொறுப்பு, தமிழ் படிப்பிக்கிற பாவத்துக்கு, என் தலையில் விழுந்தது. திறப்புவிழாவில் வாசிகசாலைத் தலைவர் மைக்கைப் பிடித்து, "ஆரும் என்னத்தையும் எழுதலாம். ஒரு சொல்லும் வெட்டமாட்டம்!" என்று முழங்கினார். சனம் கைதட்டியது. நான் தட்டவில்லை. மேடையில் சொல்வது லேசு. தனக்கு நோகும்போதும் அதையே சொல்கிறாரா என்று பார்த்துத்தான் அந்தப் பேச்சுக்கு மதிப்புப் போடவேண்டும் என்பது என் கட்சி.

"பாப்பம், இவரைப் பற்றி ஆரும் எழுதட்டும்" என்று பக்கத்துக் கதிரையில் இருந்தவளிடம் சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் கூடத்தான்.

அடுத்த கிழமையே ஒரு தாள் வந்தது. வாய்க்காலின் கடைசியில் ஒரு ஏக்கரில் சிறுபோக நெல் விதைத்து, தனியாளாகப் பாடுபடும் அக்கா ஒருவர் எழுதியிருந்தார். "தலைவர் தன்ர வயலுக்கு ரெண்டு முறை தண்ணி விட்டிட்டார். என்ர முறை போச்சு. நெல்லு குடலையில நிக்குது, கதிர் இன்னும் வெளியில வரேல்லை. இந்தக் கிழமை தண்ணி வராட்டி எல்லாம் பதர்தான்." வாய்க்கால் தண்ணீர் முறையும் தலைவர் கையில்தான் இருந்தது.

தலைவர் வசமாக மாட்டினார் என்று எனக்குச் சந்தோஷம், புழுகம் தாங்கவில்லை. ஆனால் ஊர் பார்க்கும் பலகையில் இப்படிக் கொச்சையாகவா ஒட்டுவது? பிள்ளைகளின் கொப்பி திருத்துகிற கை சும்மா கிடக்குமா? "நீர்ப் பகிர்வில் சிற்சில குறைபாடுகள் நிலவுவதாக அறிய முடிகிறது" என்று முத்து முத்தாக எழுதி ஒட்டினேன். தலைவரே வாசித்துவிட்டு, "நல்ல தமிழ், டீச்சர்" என்றார். உச்சி குளிர்ந்துபோனது.

மூன்றாம் நாள் அக்கா வந்து பலகைக்கு முன்னால் நின்றார்.

"டீச்சர், இதில என்ர வயல் எங்க?"

"கருத்து இருக்குத்தானே அக்கா."

"தலைவர் எங்க? ரெண்டு முறை எங்க? தண்ணியும் வரேல்லை, நான் எழுதினதும் வரேல்லை."

எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. பிறகு நான் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். ஐயோ! அந்த மனுசன் எப்போது வெட்டுவார் என்று காத்திருந்தவள், அவருக்கு வேலையே வைக்காமல் நானே வெட்டியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. என் நல்ல தமிழைக் கிழித்தெறிந்துவிட்டு, அக்காவின் தாளை அப்படியே ஒட்டினேன்.

பின்னேரம் தலைவர் வந்தார். வாசித்தார். முகம் கறுத்தது. நான் இடுப்பில் கைவைத்துச் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவரோ சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, தாளின் அடியில் எழுதினார்: "ரெண்டு முறை இல்லை, ஒண்டரை. நாளைக்கு விடியத் தண்ணி வரும்." நின்ற சனம் கொல்லென்று சிரித்தது. சொன்னபடி விடியத் தண்ணீரும் வந்தது, நெல்லும் தப்பியது.

அறுவடை முடிந்து நடந்த கூட்டத்தில் தலைவர் மறுபடியும் மைக்கைப் பிடித்தார். "ஒரு சொல்லும் வெட்டமாட்டம்!"

பின்வரிசையில் அக்கா எழும்பினார். "உங்களை நம்பலாம், தலைவர். டீச்சரிட்ட ஒருக்காச் சத்தியம் வாங்குங்கோ."

காது சுட்டது. ஆனாலும் அன்றைக்கு முதலில் கைதட்டியது நான்தான்.