உப்புத் தெரிகிறது, குழம்பு தெரியவில்லை

சித்தப்பா தள்ளிய வேகத்தில் சோற்று வட்டில் தரையில் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. கருவாட்டுக் குழம்பு வழிநெடுகச் சிந்தியிருந்தது. "உப்புத் தெரியுது, உறைப்புத் தெரியுது, கொழம்பு தெரியல. என்னத்தப் போட்டுத்தான் ஆக்குறா இவ?" என்றார். சித்தி துணியெடுத்துத் துடைத்தார். காரியாபட்டிப் பக்கம் ஒரு விசேஷ வீட்டில் சித்தி வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டுத்தான் எங்கள் ஐயா தன் தம்பிக்கு அந்தப் பெண்ணைக் கேட்டார். அப்படிப்பட்ட கைமணம்.

சித்தப்பா திருச்சுழியைச் சுற்றியுள்ள ஊர்களில் மிளகாய் வற்றல் வாங்கி அருப்புக்கோட்டைக்கு ஏற்றுகிறவர். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் லாரி லோடு மேலிருந்து மல்லாக்க விழுந்து பின்மண்டையில் அடி. மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தார். தையல் ஆறியது, நடை, பேச்சு, யாவாரக் கணக்கு எல்லாம் பழையபடிதான். ருசி மட்டும் திரும்பவில்லை. விழுந்ததையும் ருசி போனதையும் வீட்டில் ஒருவர்கூடச் சேர்த்துப் பார்க்கவில்லை. அடிபட்டது மண்டை, ருசி பார்ப்பது நாக்கு. இதற்கும் அதற்கும் என்ன? நாக்கில் மிளகைத் தேய்த்தார்கள், வேப்பங்கொழுந்தை அரைத்துத் தடவினார்கள். புண்தான் மிச்சம். பிறகு குற்றம் நாக்கை விட்டுச் சித்தியின் கைக்கு மாறியது.

நான் அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தேன். எங்கள் விலங்கியல் ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். அவர் சாக்பீஸால் ஒரு மண்டையோடு வரைந்து காட்டினார். நாக்குக்குத் தெரிந்தது உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, அவ்வளவுதான்; உறைப்பு என்பது ஒருவகை எரிச்சல். கருவாடு எது, பருப்பு எது என்கிற சேதியெல்லாம் மூக்கு அனுப்புவது. இரண்டும் மூளையில் போய்ச் சேர்ந்தால்தான் மனிதனுக்குக் குழம்பு. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் நூலைவிட மெல்லியவை. விழுந்த அதிர்ச்சியில் அறுந்திருக்கும் என்றார். பஸ்ஸில் ஊர் திரும்பும்போது சித்தியின் துயரத்தைத் தீர்க்க வழி கிடைத்துவிட்டதென்றே நம்பினேன்.

ஐயா முழுக்கக் கேட்கவில்லை. "ஏண்டா, ஏந்தம்பிக்கு மூள பெசகிப்போச்சுங்கியா? இது வெளிய தெரிஞ்சா எவன்டா அவனை நம்பி வத்தலு போடுவான்? இதுக்குத்தான் ஒன்னைய படிக்க வச்சனா?" மூளை என்று நான் சொன்னதும் அவர் காதில் பைத்தியம் என்றுதான் விழுந்தது. எத்தனை விதமாகச் சொல்லியும் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை.

சரி, சோதித்துக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வீட்டுக் குழம்பைக் கிண்ணங்களில் வாங்கி வந்து, சித்தப்பாவின் கண்ணைத் துண்டால் கட்டினேன். அவர் மூன்றையும் நக்கிப் பார்த்துவிட்டு, "மூணும் ஒண்ணுதான். நடுவுல உள்ளதுல உப்புக் கூட" என்றார். ஒன்று கருவாடு, ஒன்று பருப்பு, ஒன்று கத்தரிக்காய். அத்தை, அதாவது ஐயாவின் அக்கா, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தீகளா, சித்தி கையில குத்தமில்ல" என்றேன்.

அத்தை மூக்கைச் சிந்திப் போட்டார். "ஊரு வீட்டுச் சோறு பூராம் ஒண்ணாத் தெரியுதுன்னா, இது கை இல்லடா. மருந்து. புருசன் வேற சோத்தத் தேடக்கூடாதுன்னு மருந்து வச்சிட்டா."

கணவனை வசப்படுத்தச் சோற்றில் மருந்து வைப்பதும், அது குடலில் ஒட்டி ஆளை வாட்டுவதும் எங்கள் பக்கம் மழை வெயில் மாதிரி நிச்சயமான விஷயங்கள். அந்த வாரமே சித்தி பிறந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டார். சித்தப்பாவை மருந்து எடுக்கிறவளிடம் கூட்டிப் போனார்கள். அவள் சித்தப்பாவின் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, பஞ்சுபோல் எதையோ துப்பினாள். "வாயில அடக்கி வச்சிருந்தத துப்புறா" என்று நான் சொன்னபோது அத்தை என்னை வெளியே போகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் வேறு பெண் பார்க்கிற பேச்சு ஆரம்பித்தது.

மறுநாள் அத்தை பரிமாறினார். சித்தப்பா ஒரு வாய் வைத்தார், மென்றார், எல்லோரையும் பார்த்தார். "ருசி வந்துருச்சு" என்றார். "மருந்து எடுத்ததோட சரியாப் போச்சு. இனி அவளக் கூட்டியாந்துருவோம்."

"வச்சவளையா?" என்றார் அத்தை.

"எனக்குத்தான வச்சா. எம்மேல ஆசப்பட்டு வச்சிருக்கா. ஒனக்கு யாரும் வைக்கலன்னு வருத்தமாக்கா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வேறு பெண் பேச்சு அதோடு நின்றது. சித்தி திரும்பி வந்தார், செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புப் பெற்றவராக. சித்தப்பா பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அவரைத் தனியே மடக்கினேன். "நெசத்தச் சொன்னா வீட்டுக்கு வருவாளாடா அவ? ஒன் நரம்புக் கதைய வச்சுக் கூட்டியாறச் சொல்லு பாப்போம்" என்றார்.

சில மாதம் கழித்துக் குழம்பு அடிப்பிடித்துத் தெருவரை நாறியது. சித்தப்பா பிசைந்து சாப்பிட்டபடி, "இன்னைக்கு நல்லா மணக்குது" என்றார். கரண்டியைப் பிடித்தபடி சித்தி அப்படியே நின்றுவிட்டார். சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது என்னிடம் சொன்னார்: "நீ சொன்னதுதான் நெசம் தம்பி. மண்டையிலதான் என்னமோ. நீ இனி வாயத் தொறக்காத. நான் மருந்து வச்சவளாவே இருந்துட்டுப் போறேன். அவுகள யாரும் மண்ட சரியில்லாத ஆளுன்னு சொல்லிறக் கூடாது."

வருஷங்கள் ஓடிவிட்டன. போன மாதம் ஊரில் ஒரு கல்யாணம். சித்தியைக் காய் நறுக்க மட்டும் உட்கார்த்தியிருந்தார்கள். அவர் அடுப்புப் பக்கம் போனபோது, "நீ இரு, வேற ஆளு பாத்துக்கிரும்" என்று ஒரு பெண் மறித்துவிட்டாள். பந்தியில் என் பக்கத்தில் சித்தப்பா, சாம்பாரைப் புகழ்ந்துகொண்டே இரண்டாம் தடவை ஊற்றச் சொன்னார். உரித்துப் போட்ட வெங்காயத் தோலுக்கு நடுவே உட்கார்ந்திருந்த சித்தியை நான் பார்த்தேன். என் நாக்குக்கும் மூக்குக்கும் மண்டைக்கும் ஒரு குறையும் இல்லை. ஒரு கவளம் உள்ளே இறங்கவில்லை.