திருடனுக்காக வேண்டிக்கொண்ட சாயங்காலம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பள்ளிக்கூடங்கள் திறந்த புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டாபிராமில் நடந்தது இது. நண்பர்களிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நிமிடம் உள்ளங்கை வியர்த்துவிட்டுத்தான் வரும்.

முதலில் என் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு மழை நாளில் பைக் சறுக்கி விழுந்ததில் என் இடது முழங்கால் நொறுங்கிப் போனது. ஆபரேஷன் செய்து, பிளேட் வைத்து, எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். ஆனால் முழங்கால் பாதிக்கு மேல் மடங்காது. பஸ்ஸில் உட்கார்ந்தால் அந்தக் கால் மட்டும் வழியில் நீட்டிக்கொண்டிருக்கும். போகிறவர் வருகிறவர் எல்லோரும் முறைப்பார்கள். சைக்கிள் என்பது நடக்காத காரியம். பெடல் மேலே வரும்போது முழங்கால் மடங்கியாக வேண்டுமே! சின்ன வயதிலிருந்தே சைக்கிள் பைத்தியமான எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. என் மனைவிக்கு இது தெரியும். அதனால்தான், செகண்ட் ஹேண்டில் ஒரு எலெக்ட்ரிக் மலை சைக்கிளை வாங்கி வந்து எங்கள் ஃபிளாட் பால்கனியில் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டபோது, "துணி எங்கங்க காயப் போடுறது?" என்பதோடு விட்டுவிட்டாள்.

அதன் மோட்டார் பெடலுக்குப் பக்கத்தில் இருக்கும். நாம் மிதித்தால் அதுவும் சேர்ந்து தள்ளும், நிறுத்தினால் தானும் நிற்கும். இரண்டு கால் உள்ளவர்களுக்கு அருமையான ஏற்பாடு. ஒற்றைக் காலால் மிதிக்கும் எனக்கோ, பாதிச் சுற்று வரைதான் தள்ள முடியும். மீதிப் பாதியில் பெடல் அப்படியே கீழே நின்றுவிடும், மோட்டாரும் நின்றுவிடும், நானும் பக்கத்தில் உள்ள காம்பவுண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

மூன்று மாதம் சனி ஞாயிறெல்லாம் அந்தப் பால்கனியில்தான் கழிந்தது. இடது பெடலைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி வைத்துக்கொள்ள அசையாத ஒரு இரும்புக் கட்டையைப் பொருத்தினேன். அடுத்ததாக, மோட்டாருக்கும் பெடலுக்கும் நடுவே, மோட்டார் பெடலைச் சுற்றிவிடாமல் தடுக்கிற பிரீவீலை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் வெல்டிங் வைத்து இறுக்கிவிட்டேன். இதனால் மோட்டார் ஓடும்போது பெடலையும் தானே சுற்றிவிடும். என் வலது காலைக் கைத்தாங்கலாக மேலே தூக்கிக் கொண்டுவந்து கொடுத்துவிடும். வேலை பிரமாதமாக முடிந்தது. ஒரே ஒரு சிக்கல். பெடல் சுற்றினால் மோட்டார் ஓடும், மோட்டார் ஓடினால் பெடல் சுற்றும். நாய் தன் வாலைத் துரத்துகிற கதைதான். தானாக நிற்கவே நிற்காது. பிரேக்கைத் தொட்டால் மோட்டாரை நிறுத்தும் ஒயர் ஒன்று முதலில் இருந்தது. அதனால் நடுவழியில் பெடல் கீழே நின்றுபோய் இரண்டு தடவை விழுந்தேன். கடுப்பில் அதையும் பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக ஒரு சுவிட்ச் வைத்தேன். அதை எங்கே வைத்தேன் என்பதில்தான் என் மேதாவித்தனமே இருக்கிறது. சீட்டுக்கு அடியில், கையை விட்டுத் துழாவினால் மட்டும் தட்டுப்படுகிற இடத்தில் வைத்தேன். திருடன் எடுத்தாலும் மோட்டாரை ஓட்ட முடியாது பார் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். "திருடன் எடுக்குற மாதிரியா இருக்கு இந்த வண்டி?" என்றாள்.

அவள் என்ன சொன்னால் என்ன, நான் பறந்துகொண்டிருந்தேன். காற்று முகத்தில் அடிக்க, மேம்பாலத்தில் ஏறி இறங்கிய முதல் நாள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பிரேக் பிடிப்பேன் என்பது எனக்கே பழகிப்போயிற்று. பிரேக் பேட் தேய்ந்து கிடந்ததைக்கூடக் கண்டுகொள்ளவில்லை.

இத்தனைக்கும் நான் வேலை பார்ப்பது ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில், டெஸ்டிங் பிரிவில். ஒன்றுமே தெரியாத ஒருவன் கையில் இது கிடைத்தால் என்ன ஆகும் என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை. நாலு மணிக்கு தோசை மாவு வாங்கி வரக் கிளம்பினேன். மாவுப் பாக்கெட்டை மஞ்சள் பையில் போட்டுப் பின் கேரியரில் கட்டி, கிளம்புவதற்குச் சுவிட்சையும் போட்ட பிறகு, கொத்தமல்லி வாங்காமல் போனால் வீட்டில் அர்ச்சனை விழுமே என்று நினைவு வந்தது. பக்கத்துக் கடைதான். ஒரு நிமிட வேலை. மடங்காத காலோடு குனிந்து அந்தச் சுவிட்சை அணைப்பது எனக்குக் கொஞ்சம் பாடு. அதனால் அணைக்காமல், பூட்டாமல், கடைக்குள் போனேன். கொத்தமல்லிக் கட்டோடு வெளியே வந்தபோது சைக்கிளைக் காணோம்.

தெருக்கோடியில் நீலச் சட்டை போட்ட ஒருவர் அதை மிதித்துக்கொண்டு திரும்புவது தெரிந்தது. மேம்பாலத்துப் பக்கம் திரும்பினார். முதலில், ஐயோ என் மூன்று மாத உழைப்பு என்றுதான் வயிறு எரிந்தது. அடுத்த நொடியே அந்த எரிச்சல் அணைந்துவிட்டது. சுவிட்ச் ஆனில் இருக்கிறது. அந்த ஆளுக்கு நிறுத்தத் தெரியாது. பாலத்தின் அந்தப் பக்க இறக்கம் முடிகிற இடத்தில் ஒரு பள்ளிக்கூடம். மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வருகிற நேரம்.

கையை நீட்டி ஒரு ஆட்டோவை மறித்து ஏறினேன். "பாலத்துக்கு அந்தப் பக்கம் போங்கண்ணே, சீக்கிரம், என் சைக்கிளை ஒருத்தர் எடுத்துட்டுப் போறார்" என்றேன்.

"புட்ச்சிடலாம் சார், எங்க போய்டப் போறான்" என்று அவர் முறுக்கினார். "மாட்னான்னா ரெண்டு சாத்து சாத்திட்டுத்தான் மறுவேலை."

"அடிக்கறதுக்கு இல்லண்ணே. அந்த வண்டி நிக்காது. அவர் விழுந்துடுவார்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா சார் நீ, திருடன் வுழுந்துடுவான்னு அழுவுறே?"

நான் அடிக்கடி கோயிலுக்குப் போகிற ஆள் இல்லை. பரீட்சைக்குக்கூட ஒழுங்காகச் சாமி கும்பிட்டதில்லை. அன்றைக்கு அந்த ஆட்டோவில், கையில் கொத்தமல்லிக் கட்டைப் பிடித்துக்கொண்டு, ஊரில் உள்ள எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அந்தத் திருடனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது, எந்தப் பிள்ளை மேலும் மோதிவிடக் கூடாது, வண்டி போனால் போகட்டும். திரும்பத் திரும்ப இதையேதான் சொன்னேன். பாலத்தின் உச்சியில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தோம். இறங்கி ஓடலாமா என்று தோன்றியது. ஓடுகிற காலா அது!

இறக்கத்தில் வந்ததும் கூட்டம் தெரிந்தது. பள்ளிக்கூட வாசலுக்குக் கொஞ்சம் முன்னால், சாலை ஓரத்தில், வட்டமாக நின்றிருந்தார்கள். சீருடைப் பிள்ளைகளின் முதுகுப் பைகளும் தெரிந்தன. கூட்டம் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆட்டோ நிற்பதற்குள் இறங்கி, கிட்டத்தட்ட விழுந்து, ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் என் சைக்கிள் இடது பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அந்தப் பக்கம்தான் பெடல் இல்லையே! வலது பெடல் ஆகாயத்தில் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. பின் சக்கரமும் சுற்றிக்கொண்டிருந்தது. மாவுப் பாக்கெட் கிழிந்து சக்கரத்தில் வழிய, அது நாலா பக்கமும் தோசை மாவை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பேய் பிடித்த வண்டியைப் பார்ப்பதுபோல் எல்லோரும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீலச் சட்டைக்காரர் மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். தலை முதல் கால் வரை மாவு. இரண்டு முழங்காலிலும், கணுக்காலுக்கு மேலும் தோல் உரிந்து ரத்தம். யாரோ தண்ணீர் பாட்டில் கொடுக்க, மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் உயிரோடு இருந்தார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்புச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

நான் போய்க் கஷ்டப்பட்டுக் குனிந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டு, சுவிட்சைத் தட்டினேன். எல்லாம் நின்றது. அப்போதுதான் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"உங்க வண்டியா சார்?" என்று ஒருவர் கேட்டார். "அப்ப இவரு?"

நான் பதில் சொல்வதற்குள், ஒரு சின்னப் பெண்ணைக் கையில் பிடித்தபடி நின்ற ஓர் அம்மா பிடித்துக்கொண்டார். "அறிவு கீதா சார் உனக்கு? இந்த ஆளு மேலேர்ந்து கத்திகினே வந்தாரு, தள்ளு தள்ளுன்னு. எம் பொண்ணு ரோட்டு நடுவுல நிக்குது. இவரு மட்டும் மணல்ல கொண்டாந்து வுடலன்னா இன்னா ஆயிருக்கும்? நீயே சொல்லு!"

நீலச் சட்டைக்காரர் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் முகம் மாவையும் மீறி வெளிறிப்போனது தெரிந்தது. 'திருடன்' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தண்ணீர் கொடுத்த அதே கைகள் அவரைப் பின்னி எடுத்துவிடும். அந்தச் சின்னப் பெண் தன் அம்மாவின் முந்தானையில் தெறித்திருந்த மாவை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சவர்தாங்க. ஓட்டிப் பார்க்கக் குடுத்தேன். எப்படி நிறுத்தறதுன்னு சொல்ல மறந்துட்டேன். தப்பு என் மேலதான்" என்றேன்.

அதில் கடைசி வாக்கியம் சத்தியமான உண்மை. அதன்பின் அந்த அம்மா எனக்கு விட்ட டோஸ் இருக்கிறதே, என் அப்பாகூட அப்படித் திட்டியதில்லை. தலையைக் குனிந்துகொண்டு அத்தனையும் வாங்கிக்கொண்டேன். திட்டு வாங்கும்போது அவ்வளவு நிம்மதியாக இருந்தது எனக்கு அன்றைக்கு மட்டும்தான்.

ஆட்டோக்காரர் சைக்கிளைத் தூக்கி ஆட்டோவுக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார். எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்கு ஆட்டோவை விட்டார். போகிற வழியில்தான், "தெரிஞ்சவரா சார்? எத்தினி வர்சப் பழக்கம்?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

நீலச் சட்டைக்காரர் காலில் இருந்த மணலைத் தட்டிக்கொண்டே, திட்ட ஆரம்பித்தார். ஆமாம், என்னைத்தான்.

"இன்னா வண்டி சார் இது? கால எட்த்தா பெடலு வந்து அடிக்குது. பிரேக்க புட்ச்சா இன்னும் வேகமா இழுக்குது. இத்தப் போய் ரோட்ல நிறுத்தி வெச்சிகிறியே, ஒரு நாயம் வேணாவா?"

எடுத்தது அவர், நியாயம் கேட்பதும் அவர். ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. "குதிச்சிருக்கலாமே நீங்க?" என்று கேட்டேன்.

"குதிக்கத்தான் பாத்தேன். எதுர்ல பூரா பசங்கோ. நான் குதிச்சிட்டா வண்டி யாரு மேல போவும்? அதான் புட்ச்சிகினே வந்துட்டேன்." என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாத்துக்கு சார் என்னைக் காட்டிக் குடுக்கல?"

நீங்கள் ஏன் குதிக்கவில்லையோ அதற்காகத்தான் என்று சொல்ல நினைத்தேன். கையில் இருந்த கொத்தமல்லியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளினிக்கில் கட்டுப் போட்டு, ஊசி போட்டார்கள். நான் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவர் ஆட்டோக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே தெருவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. "என்ன சொன்னார்ண்ணே?" என்று கேட்டேன். "அந்த சுவிட்ச மேல வெக்கச் சொல்லு, கண்ணுக்குத் தெர்ற மாரின்னாரு" என்றார் ஆட்டோக்காரர்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். முதலில் நம்பவில்லை. சக்கரத்தில் காய்ந்திருந்த மாவைக் காட்டினேன். சிரிக்கப்போகிறாள் என்று பார்த்தால் அழுதாள். அன்றைக்கு ராத்திரி உப்புமாதான். கொத்தமல்லி மட்டும் தாராளமாகப் போட்டிருந்தாள்.

அடுத்த இரண்டு வாரம் சைக்கிள் மறுபடியும் பால்கனியில் கவிழ்ந்து கிடந்தது. பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்கிற ஒயரைத் திரும்ப இணைத்தேன். பெடல் கீழே நின்றாலும் மறுபடி கிளப்ப, கைப்பிடியில் தனியாக ஒரு பட்டன் வைத்தேன். இவ்வளவுதான் வேலை. இதை முதலிலேயே செய்திருக்கலாம். பிரேக் பேட் புதிது. அப்புறம் அந்தச் சுவிட்ச். கைப்பிடியின் நடுவில், சிவப்பாக, எலுமிச்சம்பழம் அளவுக்கு. பக்கத்தில் வெள்ளைப் பெயின்டில் 'நிறுத்த இதை அழுத்தவும்' என்று நானே எழுதினேன்.

மனைவி வந்து பார்த்துவிட்டு, "இப்ப திருடன் வந்தா சுலபமா ஓட்டிட்டுப் போயிடுவானே?" என்று கேட்டாள்.

பூட்டு வாங்கியாயிற்று, ஒழுங்காகப் பூட்டவும் செய்கிறேன். இருந்தாலும், அதையும் மீறி எவராவது என்றைக்காவது எடுத்துக்கொண்டு போனால், போகிறவரும் எதிரே வருகிறவர்களும் பத்திரமாக வீடு போய்ச் சேரட்டும் என்றுதான், இன்றைக்கும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது அந்தச் சிவப்புச் சுவிட்சை ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொள்கிறேன்.