சின்னுசாமியின் பதினான்கடிப் பங்காளிகள்

சின்னுசாமியிடமிருந்து யாரும் தப்ப முடியாது. ஜேடர்பாளையத்தில் பேருந்து ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். நாமக்கல் வருவதற்குள் உங்கள் ஊர், உங்கள் குலக் கூட்டம், உங்கள் அம்மா பிறந்த ஊர் எல்லாவற்றையும் கறந்துவிடுவார். தகப்பன் வழியில் ஒரே கூட்டம் என்றால் நீங்கள் பங்காளி. அண்ணனோ தம்பியோ ஆகிவிடுவீர்கள். வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான். பெண் கொடுக்கலாம், எடுக்கலாம். மனிதர்களில் மூன்றாவதாக ஒரு வகை இருப்பதாக அவர் ஒப்புக்கொள்வதில்லை.

இருபத்தாறு வருடம் ரிக் வண்டி மேனேஜராக மத்தியப்பிரதேசமெங்கும் போர்வெல் போட்டவர். அங்கேயாவது சும்மா இருந்தாரா? ஜபல்பூரில் டீசல் போட வந்த இடத்தில் ஒரு நாமக்கல் லாரிக்காரரைப் பிடித்து நிறுத்தி, நான்கு தலைமுறை பின்னால் போய், அவர் தனக்குச் சித்தப்பா முறை என்று நிரூபித்த பிறகுதான் விட்டார். சித்தப்பாவுக்கு அப்போது வயது இருபத்திரண்டு.

வேலையை விட்டு ஊருக்கு வந்ததும் இதுவே முழுநேர உத்தியோகமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தின் பழைய சேர்க்கைப் பதிவேடு, தாலுகா ஆபீஸ் நிலப் பதிவேடு, நடுகல் எழுத்து, பரணில் கிடந்த கல்யாணப் பத்திரிகை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் மூன்று பெரிய நோட்டு நிறைந்தது. அதைத் திருச்செங்கோட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் கொடுத்து, தன் மாங்குயில் கூட்டத்தின் வம்சப் படத்தைப் பதினான்கு அடி நீளத்துக்கு அடித்து வாங்கி வந்தார். விரித்தால் கூடத்தைத் தாண்டிச் சமையலறை வரை போகும்.

"ஏனுங்க, உங்க பங்காளிக மேல காப்பி சிந்துனா எத்தன தலமுற அழியுமுங்க?" என்று கேட்டுக்கொண்டே பூவாத்தாள் டம்ளரோடு அதைத் தாண்டி வருவாள். முப்பத்தொரு வருடமாக அவருக்கு மனைவியாக இருப்பவள் அப்படித்தானே கேட்பாள்.

குலக்கோயில் பொங்கலன்று படத்தை மாட்டி, சின்னுசாமிக்குப் பரிவட்டம் கட்டுவது என்று கோயில் கமிட்டி முடிவு செய்தது. அன்றிலிருந்து மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மகள் சண்முகப்பிரியா வாயைத் திறந்தாள். சேலத்தில் வங்கி வேலை. கூட வேலை பார்க்கும் எடப்பாடிப் பையன் சபரிநாதனைக் கட்டிக்கொள்ள ஆசை என்றாள். அவன் அம்மா சௌந்திரத்துக்கும் சம்மதமாம். சொந்தத் தறி, நல்ல குணம், காப்பி கூடக் குடிக்காத பையன். சின்னுசாமி முகம் மலரக் கேட்டார்.

"எந்தக் கூட்டம் சாமி?"

"மாங்குயில்னு சொன்னாங்கப்பா."

முடிந்தது. சின்னுசாமி எழுந்து படத்தின் மேலேயே நடந்து, ஒன்பதாவது அடியில் குனிந்து, விரலை வைத்தார். சபரிநாதனின் செத்துப்போன அப்பா பெயர் அங்கே பளபளவென்று இருந்தது.

"பங்காளி ஊட்டுப் பையன்! உனக்கு அண்ணன் முறை! யாராச்சும் அண்ணனக் கட்டுவாங்களா?"

"ரெண்டு வருசமாப் பழகறமுங்க. கூட்டத்தக் கேட்டுட்டா பழகறது?" என்றாள் மகள். பிறகு குரல் தழுதழுத்தது. "ஓடியெல்லாம் போக மாட்டனுங்கப்பா. ஆனா வேற யாரையும் கட்டவும் மாட்டனுங்."

சொன்னபடியே இருந்தாள். சனிக்கிழமை வருவாள், துணி துவைப்பாள், கேட்டதற்கு "ஆமாங்க", "இல்லீங்க" என்பாள், திங்கள்கிழமை போய்விடுவாள். சிரிப்பு மட்டும் வீட்டுக்கு வருவதில்லை. மகளைப் பார்க்கவே பயமாக இருந்தது சின்னுசாமிக்கு.

விட்டுத் தொலைத்திருக்கலாம். ஆனால் மனிதருக்குப் புத்தி எப்படிப் போயிற்று பாருங்கள்! அத்தாட்சியோடு காட்டினால் பெண் மனசு மாறிவிடும் என்று நினைத்தார். படத்தின்படி, அவருடைய அப்பாவின் தாத்தா காளியப்பனும் சபரிநாதனின் முன்னோர் செங்கோடனும் கூடப்பிறந்தவர்கள். அவர்கள் நிலம் பிரித்துக்கொண்ட பத்திரம் எங்காவது இருக்கத்தானே வேண்டும்? சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, ஐந்து நடை நடந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருடத்துப் பத்திரத்தின் நகலை வாங்கினார்.

அங்கேயே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். நிலத்தைப் பிரித்து எழுதிவைத்த கிழவர், முதல் பாகத்தை "என் குமாரன் செங்கோடனுக்கு" என்று எழுதியிருந்தார். இரண்டாவது பாகம், "என் குமாரத்தி செல்லியம்மாளை விவாகம் செய்து என் வீட்டோடு இருந்துவரும் மருமகன் காளியப்பனுக்கு."

மருமகன்!

மறுபடி படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். காளியப்பன் பிறந்த ஊரும் அதிலேயே இருந்தது. அந்த ஊரில் கருங்கொக்குக் கூட்டத்தைத் தவிர வேறு கூட்டமே கிடையாது என்று இரண்டாவது நோட்டில் எழுதிவைத்த மேதாவி வேறு யார்? அவரேதான். வீட்டோடு வந்த மாப்பிள்ளை மாமனார் காட்டில் உழுது, மாமனார் கோயிலில் கும்பிட்டிருக்கிறார். பிள்ளைகளும் அங்கேயே கும்பிட, நாளாவட்டத்தில் ஊரே அவரை மகன் கணக்கில் சேர்த்துவிட்டது. கூட்டம் என்பது தகப்பன் வழி வருவது. அப்படியானால் சின்னுசாமி மாங்குயிலே இல்லை. சுத்தமான கருங்கொக்கு.

வீட்டுக்கு ஓடிவந்தவர் முதல் காரியமாக மூன்றாவது நோட்டைப் புரட்டி மனைவி பிறந்த கூட்டம் எது என்று பார்த்தார். கல்யாண வயதில் பெண்ணைப் பெற்று வைத்துக்கொண்டு, இப்போது பார்த்தார்! நல்லவேளை, அவள் கருங்கொக்கு இல்லை, வேறு கூட்டம்.

"என்னத்தத் தேடறீங்க, இப்பிடி வேர்த்து ஒழுகுது?"

"ஒண்ணுமில்ல பூவாத்தா. நீ எனக்குச் சம்சாரந்தான். ஒண்ணும் பயமில்ல."

அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

நகலை மடித்து நோட்டுக்குள் வைத்தார். இது வெளியே தெரிந்தால் மகளுக்குக் கல்யாணம் நடக்கும். செங்கோடன் மகன் வழி, செல்லியம்மாள் மகள் வழி. சபரிநாதன் அசல் முறைமாப்பிள்ளை. தெரியாவிட்டால் தன் தலையில் பரிவட்டம் ஏறும். அவரைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது. பதினான்கு அடியிலும் இருந்த அத்தனை பேரையும் ஊர் ஊராக அலைந்து, நாய்க்கடி பட்டுச் சேர்த்தது அவர். இன்றைக்கு அவர்கள் ஒருவரும் அவருக்குப் பங்காளி இல்லையென்றால், இந்த வயதில் அவர் யாரிடம் போய் நிற்பது? நான்கு நாள் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லப்போனால், கொஞ்சம் அழவும் செய்தார்.

பொங்கலன்று காலையில் கோயில் முன்னால் படம் காற்றில் படபடத்தது. இருநூறு குடும்பம் வந்திருந்தது. பூசாரி பரிவட்டத்தோடு நிற்க, கமிட்டித் தலைவர் ஒலிபெருக்கியில் சின்னுசாமியை அழைத்தார். பெண்கள் பக்கத்தில் பூவாத்தாளோடு மகள் நின்றிருந்தாள். அவள் தகப்பனைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் தாயோடு நின்ற சபரிநாதனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னுசாமி ஒலிபெருக்கியை வாங்கினார்.

"பரிவட்டம் எனக்கு வேண்டாமுங்க. நான் உங்களுக்குப் பங்காளி இல்லீங்க. பத்திரம் கெடச்சிருக்குது. நாங்க இந்த ஊட்டுப் பொண்ணு வயித்துப் பிள்ளைக. உங்களுக்கு மாமன் மச்சானுங்க."

ஒரே இரைச்சல். "அப்பப் படத்துல உங்க பேரு?" என்று யாரோ கத்தினார்கள்.

"நானே அழிச்சுப்போடறனுங்க," என்றார் சின்னுசாமி. பிறகு சௌந்திரம் இருந்த பக்கம் திரும்பினார். படத்தின்படி தம்பி சம்சாரமாக இருந்தவளை முறை மாற்றிக் கூப்பிட்டார். "தங்கச்சி, வெள்ளிக்கெழம நல்ல நாளு. பொண்ணுக் கேட்டு நம்ம ஊட்டுக்கு வாம்மா."

சௌந்திரம் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். பூவாத்தாள் கணவனை வெறித்துப் பார்த்தாள். மகள் எங்கே போனாள் என்று சின்னுசாமி தேடுவதற்குள், அவள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். பொங்கல் விருந்தில் பங்காளிகள் பரிமாறுவார்கள். மாமன் மச்சான்கள் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சின்னுசாமி எப்போதும்போல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினார். ஓர் இளைஞன் பாய்ந்து வந்து வாளியை வாங்கிக்கொண்டான். சபரிநாதன்.

"நீங்க உக்காருங்க மாமா. நாங்க போடறமுங்க."

அந்தக் கோயிலில் அவரை மாமா என்று யாரும் கூப்பிட்டதில்லை. சின்னுசாமி முதல் பந்தியில், முன்பின் தெரியாத நாலு மச்சான்களுக்கு நடுவில் இடம் தேடி உட்கார்ந்தார். இலை விழுந்தது. சாம்பார் ஊற்றக் குனிந்த சபரிநாதன், போதுமா என்பதுபோல் அவர் முகத்தைப் பார்த்தான்.

"ஊத்து சாமி," என்றார் சின்னுசாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாலு நாளாச் சாப்பிடல."