சன்னலுக்குக் குறுக்கே ஒரு கட்டை

மலைமேல், செண்பகனூரில் நாங்கள் வாங்கிய வீட்டின் சுவர்களில் கறுப்புக் கட்டைகள் தெரியும். நிமிர்ந்து சில, படுத்துச் சில, மூலைகளில் சாய்ந்து சில. இடையிடையே வெள்ளைப் பூச்சு. வெள்ளைக்காரர் ஒருவர் தன் ஊர் ஞாபகத்தில் கட்டியது என்றார்கள். ஓய்வு பெற்றபோது கையில் இருந்ததையெல்லாம் அதில் போட்டுவிட்டோம். எங்களுக்கு வேறு வீடு இல்லை.

படுக்கையறையில் பள்ளத்தாக்கைப் பார்த்து ஒரு பெரிய சன்னல் வேண்டும் என்று என் மனைவி கேட்டாள். திண்டுக்கல்லில் முப்பது வருடம் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துச் சமைத்தவள். கேட்டது நியாயமாகவே பட்டது.

கொத்தனார் வந்தார். இங்குள்ள லாட்ஜுகள் பலவற்றுக்கு இங்கிலீஷ் முகம் கொடுத்தவர். செங்கல் சுவரைப் பூசி, மேலே பலகைகளை ஆணியடித்து, கறுப்புப் பெயின்ட் அடித்துவிடுவார். எங்கள் படுக்கையறைச் சுவரில், சன்னல் வரவேண்டிய இடத்தில் சாய்வாக ஓடிய கட்டையையும் ஒரு தட்டுத் தட்டினார்.

"இது சும்மா அழகுக்குங்க. அறுத்துட்டா சன்னல் நல்லா அகலமா வரும்."

நானும் தலையாட்டினேன். அறுக்கும்போது மறுமுனையைப் பிடித்துக்கொண்டவனும் நான்தான். பலகை என்று நினைத்தது சுவரின் முழுக் கனத்துக்கும் உள்ளே போயிற்று. ரம்பம் பாதியில் இறுகி நின்றபோதாவது இது பாரம் தாங்கும் கட்டை என்று இரண்டு பேரில் ஒருவருக்கு உறைத்திருக்க வேண்டும். கொத்தனார் ரம்பத்துக்கு எண்ணெய் போட்டார்.

ஐப்பசி மழையில் முன்கதவு மூடவில்லை. ஈரத்தில் ஊதியிருக்கும் என்று ஓரத்தைச் சீவினேன். மறுவாரம் இன்னோர் இடத்தில் இடித்தது. பிறகு கூரைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி விழுந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது.

பெரியகுளத்திலிருந்து ஓர் ஆசாரியை அழைத்துவந்தேன். கட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தார்.

"சுவருன்னு ஒண்ணு இங்க இல்லைங்க. குச்சியும் மண்ணும் காத்துக்கு மறைப்பாக் கெடக்கு. வீடு நிக்கிறது கட்டையில. சாயாமப் புடிச்சிருந்தத அறுத்துப்புட்டீங்க. வெரசா மாத்துக்கட்டை போடணும், அறுத்த எடத்துலயே."

"அப்ப சன்னல்?" என்றாள் மனைவி.

"இருக்கட்டும்மா. கட்டை குறுக்கால போகும்."

முட்டுக்கொடுத்து நான்கு நாளில் போட்டு முடித்தார். கதவு மூடியது. நான் சீவிய ஓரத்தில் மட்டும் இப்போது வெளிச்சம் வருகிறது. கட்டிலில் இருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு இரண்டு துண்டாகத் தெரியும். கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னேன்.

"எங்க உக்காந்தாலும் அது இருக்குதுங்க" என்றாள். குறையாகச் சொல்லவில்லை.

இந்த சீசனுக்கு முன்பு பக்கத்து லாட்ஜில் அதே கொத்தனாரைப் பார்த்தோம். ஏணியில் நின்று ஒவ்வொரு சன்னலுக்கும் குறுக்கே கறுப்புப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டப் பாத்துட்டு ஓனர் ஆசப்பட்டுட்டாருங்க" என்றார்.

மனைவி கிட்டே போய்ப் பலகையை ஒரு தட்டுத் தட்டினாள்.

"இத அறுக்கலாம்" என்றாள், என்னைப் பார்த்து.